அப்பாவுக்கு ஜுரம்

ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு கலசப்பாக்கத்தின் பக்கமாக ஓடுகிறது. மழைக் காலத்தில் பெருகும். கோடையில் மணல்தான் தெரியும். ஆனால் எந்தக் காலத்திலும் வற்றாத பிரவாகம் ஒன்று நம் ஊர்களில் உண்டு. அதுதான் குடி.

அதற்கு அணை போட முயன்ற சரித்திரம் இவ்வூருக்கும் உண்டு. 1937-ஆம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1939-ல் அது வட ஆற்காடு ஜில்லாவுக்கு வந்தது. கலசப்பாக்கம் அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. "கள்ளுக்கடை வருமானம் போகிறதே!" என்றவர்களுக்கு விற்பனை வரியைப் பதிலாகக் காட்டினார் ராஜாஜி. யுத்த காலத்தில் கடைகள் மீண்டும் திறந்தன. 1948-ல் மாகாணம் முழுவதும் மூடின. 1971-ல் மறுபடி திறந்தன. 2003 முதல் சர்க்கார் நிறுவனமே சில்லறைக் கடை நடத்துகிறது.

கடைகளின் கதை இது. வீடுகளின் கதை என்ன?

நாற்றங்கால் வேலைக்குப் போகும் ஒரு குடும்பத்தை மனக்கண்ணால் பார்ப்போம். கணவன் 600 ரூபாய் கூலி வாங்கி, 300 ரூபாயைக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறான். பணக் கணக்கு இவ்வளவுதான். மற்றக் கணக்கை யார் எழுதுவது? இருட்டியதும் மனைவி வாசற்படியில் காது கொடுத்து நிற்கிறாள். காலடி நேராக விழுகிறதா, தடுமாறுகிறதா? அந்த ஓசையிலேயே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பத்து வயதுப் பெண், தம்பியை அணைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்குகிறாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால், "அப்பாவுக்கு ஜுரம், சார்" என்கிறாள். குடித்தவர் ஒருவர், தள்ளாடுவதோ குடும்பம் முழுவதும்.

அந்த மனிதன் பொல்லாதவனா? காலையில் குழந்தையின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறான், மாலையில் மீறுகிறான். செய்த சமயத்தில் அந்தச் சத்தியம் மெய்தான். ஆனால் மூளையும் உடம்பும் மதுவுக்குப் பழகிவிட்டன. அது கிடைக்காவிட்டால் கை நடுங்குகிறது, தூக்கம் வருவதில்லை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால், "மன உறுதி இருந்தால் விட்டுவிடலாமே!" என்று உபதேசித்துவிட்டுப் போவது போதாது, டாக்டரின் துணை வேண்டும்.

கடையை மூடினால் மட்டும் போதுமா? மூடத்தான் வேண்டும் என்பது நமது கட்சி. ஆயினும் தாகம் தணியாத வரையில் அது வேறு வழி தேடும். 2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டதை நாம் மறக்கவில்லை.

தாகத்தைத் தணிக்க ஒரு பெண்மணி காட்டிய வழியைப் பார்ப்போம். சென்னையைச் சேர்ந்த சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அவர் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. 1980-ல் கணவரின் பெயராலேயே, டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்கே குடித்தவருக்கு மட்டுமல்ல, அவரோடு சேர்ந்து நொந்த குடும்பத்தாருக்கும் ஆலோசனையும் பயிற்சியும் உண்டு. நோய் குடும்பத்தையே பிடித்திருக்கும்போது, மருந்தை ஒருவருக்கு மட்டும் கொடுத்து என்ன பயன்?

கலசப்பாக்கத்துச் சகோதரிகளுக்கும் நாம் சொல்வது இதுதான். வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்ல. அடி உதையைப் பொறுத்துக்கொண்டிருப்பதே தர்மம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். ஜில்லா ஆஸ்பத்திரியின் மனநல மருத்துவரை நாடலாம். 14446 என்ற இலவசத் தொலைபேசியிலும் யோசனை கேட்கலாம்.

அந்தச் சிறு பெண் பள்ளிக்கூடத்தில் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அப்பாவுக்கு நோய்தான். ஜுரம் வந்தால் யாரும் மூடி மறைப்பதில்லை. டாக்டரிடம் அழைத்துப் போகிறோம். இந்த ஜுரத்துக்கும் அப்படியே அழைத்துப் போவோம்.