ஸ்கூபா டைவிங் போறீங்களா? டார்ச் வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்க!

கடலுக்குள் 20 மீட்டர் ஆழத்தில் விரலில் வெட்டுப்பட்டால், கசியும் ரத்தம் சிவப்பாகத் தெரியாது. பச்சை கலந்த கறுப்பாகத்தான் தெரியும். அதன் மேல் டார்ச் அடித்தால் சட்டென்று சிவப்பாகிவிடும். சூரிய ஒளியில் உள்ள சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதலில் உறிஞ்சிவிடுவதுதான் காரணம். அதனால்தான் பட்டப்பகலில் டைவ் செய்பவர்கள்கூட டார்ச் எடுத்துச் செல்கிறார்கள். இரவு டைவிங் என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தமான், புதுச்சேரி என டைவிங் கற்றுக்கொண்டு, சொந்தமாக டார்ச் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது லூமென்ஸ் எண்ணைத்தான். அது மட்டும் போதுமா? வேறு எதையெல்லாம் பார்க்கணும்?

வாட்டர்ப்ரூஃப் என்று போட்டிருந்தால் போதுமா?

போதாது. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும், அவ்வளவுதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீட்டரில் கரையில் இருப்பதைவிட 4 மடங்கு அழுத்தம். பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர் என்பதால், 100 மீட்டர் வரை தாங்கும் என்று ஆழத்தைக் குறிப்பிட்டிருக்கும் டார்ச்சை வாங்குவது நல்லது.

எவ்வளவு வெளிச்சம் வேணும்?

பகலில் பாறை இடுக்குகளைப் பார்க்க 500 லூமென்ஸ் தாராளம். இரவுக்கு 1,000 லூமென்ஸ் அளவில் இருக்கலாம். அதைவிட முக்கியம், ஒளி எவ்வளவு அகலமாக விரிகிறது என்பது. கலங்கலான தண்ணீரில் அகலமான ஒளி, மிதக்கும் துகள்களில் பட்டு கண்ணிலேயே திருப்பி அடிக்கும். பனிமூட்டத்தில் காரின் ஹை பீம் போட்ட மாதிரிதான். அங்கே 10 டிகிரி அளவிலான குறுகிய ஒளியே கைகொடுக்கும். வீடியோ எடுப்பவர்களுக்கு மட்டும்தான் 100 டிகிரி போன்ற அகலமான ஒளி தேவை.

பேட்டரி எத்தனை நேரம் நிற்கும்?

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் நேரம், பல சமயம் குறைந்த வெளிச்சத்துக்கானது. முழு வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் எரியும் என்று பாருங்கள். ஒரு டைவ் சுமார் ஒரு மணி நேரம் என்றால், ஒன்றரை மணி நேரமாவது எரிய வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் கவனத்துக்கு: உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்கணும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

ஓ-ரிங் ஏன் முக்கியம்?

தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது இந்தச் சின்ன ரப்பர் வளையம்தான். அதில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ சிக்கினால் போதும், டார்ச் காலி. பேட்டரி மாற்றும்போதெல்லாம் துடைத்து, லேசாக சிலிக்கான் கிரீஸ் தடவணும். டைவ் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவணும்.

ஒன்று போதுமா, இரண்டு வேணுமா?

இரவு டைவிங்கில் ஒருவருக்கு இரண்டு டார்ச் கட்டாயம். இருட்டில் கூட வருபவரிடம் பேசுவதும் டார்ச்சில்தான்: வட்டம் போட்டால் 'ஓகே', வேகமாக இடமும் வலமும் ஆட்டினால் 'ஆபத்து'. முதல் டார்ச் அணைந்தால், இரண்டாவதை எடுத்து, கூட இருப்பவருக்குச் சைகை காட்டி, டைவை முடித்துக்கொண்டு மேலே வருவதுதான் முறை.

பட்ஜெட் குறைவு என்றால், விலை உயர்ந்த ஒரு டார்ச்சுக்குப் பதில் ஓரளவு நல்ல டார்ச் இரண்டாக வாங்குவதே பாதுகாப்பு.