மைக்ரோ இன்வெர்ட்டர் சோலார் இருக்கு, பேட்டரி சேர்க்கலாமா? வயரிங்கும் கணக்கும்

மாடியில் சோலார் போட்டாச்சு. ஒவ்வொரு பேனலுக்குக் கீழேயும் ஒரு மைக்ரோ இன்வெர்ட்டர். கரண்ட் பில்லும் குறைஞ்சாச்சு. ஆனா மத்தியானம் வெயில் கொளுத்தும்போது கரண்ட் போனா, உங்க வீட்டு ஃபேனும் பக்கத்து வீட்டு ஃபேன் மாதிரியே நின்னுடுது. ஆளைக் கூப்பிட்டுக் கேட்டா, "ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் போட்டுடலாம் சார், பகல்ல சேமிச்சு ராத்திரி யூஸ் பண்ணலாம், பில்லும் குறையும்" என்று ஒரு கொட்டேஷன் தருவார்.

இதில் ரெண்டு கேள்வி இருக்கு. ஏற்கெனவே இருக்கிற மைக்ரோ இன்வெர்ட்டரோடு இது சேருமா? போட்ட காசு திரும்ப வருமா? முதல் கேள்விக்குப் பதில்: சேரும், சில நிபந்தனைகளோடு. ரெண்டாவதுக்கு: பெரும்பாலான வீடுகளில் வராது. அப்படியும் சிலருக்கு இது நியாயமான செலவுதான். அது யாருக்கு என்று பார்க்கலாம்.

கரண்ட் போனா சோலார் ஏன் நிக்குது?

மைக்ரோ இன்வெர்ட்டர் பேனலின் டிசி கரண்ட்டை அங்கேயே 230 வோல்ட் ஏசி ஆக்கிவிடும். ஆனா அது தானாகத் தாளம் போடாது. மின்வாரிய லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் தாளத்தைக் கேட்டு, அதோடு சேர்ந்து மட்டும்தான் வேலை செய்யும். லைன் போனால் ஓரிரு விநாடியில் நின்றுவிடும். இது பழுது இல்லை, பாதுகாப்பு. லைன் ஆஃப் என்று நம்பி கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மேல் உங்க மாடிக் கரண்ட் பாயக் கூடாது.

அதனால் வீட்டுக்குள் தாளம் போட இன்னொருவர் வேணும். கரண்ட் போனதும் வீட்டு லைனைத் தெரு லைனிலிருந்து பிரித்து, பேட்டரியிலிருந்து 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உருவாக்குவது ஹைப்ரிட் இன்வெர்ட்டரின் வேலை. அதைப் பார்த்ததும் லைன் வந்துவிட்டது என்று நினைத்து மைக்ரோ இன்வெர்ட்டர்கள் மறுபடி கிளம்பும். உடனே இல்லை, வழக்கமா ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான்.

எங்கே இணைக்கணும்?

ஹைப்ரிட் இன்வெர்ட்டரில் பேனலுக்கென்று எம்பிபிடி இன்புட் இருக்கும். அது டிசிக்கானது. மைக்ரோ இன்வெர்ட்டரிலிருந்து வருவது ஏசி, அதனால் அங்கே கொடுக்கவே முடியாது. மீதி ரெண்டு வழி.

வழி 1: மைக்ரோ இன்வெர்ட்டர்களை இப்போ இருக்கிற மெயின் போர்டிலேயே விட்டுவிடுவது. மீட்டர் பக்கம் ஒரு சிடி சென்சார் மாட்டினால், எவ்வளவு கரண்ட் வெளியே போகுது என்று பார்த்து, அந்த உபரியை ஹைப்ரிட் உள்ளே இழுத்து பேட்டரியில் போடும். வயரிங் குறைவு. ஆனா கரண்ட் போனா சோலார் நிற்கும், பேட்டரியில் இருப்பது தீரும் வரைதான் வண்டி ஓடும்.

வழி 2: மைக்ரோ இன்வெர்ட்டர் லைனை ஹைப்ரிட்டின் பேக்கப் பக்கத்துக்கோ, மைக்ரோ இன்வெர்ட்டர் இன்புட் வசதி உள்ள 'ஜென்' போர்ட்டுக்கோ மாற்றுவது. இதில்தான் கரண்ட் இல்லாதபோதும் வெயில் பேட்டரியை நிரப்பும்.

வீட்டில் இருக்கும் சாதாரண யுபிஎஸ் இன்வெர்ட்டரின் அவுட்புட்டில் மைக்ரோ இன்வெர்ட்டரைக் கோர்க்கலாம் என்று யாராவது சொன்னால், வேண்டாம். அது பின்பக்கமாக வரும் கரண்ட்டை வாங்கும்படி செய்யப்பட்டதில்லை. எரிந்து போகலாம்.

வழி 2 என்றால் இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்க

1. சோலாரின் மொத்த ஏசி அளவு ஹைப்ரிட்டின் அளவைத் தாண்டக் கூடாது. மாடியில் 3 கிலோவாட் என்றால் ஹைப்ரிட் அதற்குக் குறையாமல் இருக்கணும்.

2. பேட்டரி அந்த வேகத்தில் சார்ஜ் ஏற்க முடியணும். 51.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி என்பது 5.12 யூனிட். அதன் சார்ஜிங் அளவு 50 ஆம்பியர் என்றால் சுமார் 2.5 கிலோவாட்தான் உள்ளே போகும். உச்சி வெயிலில் 3 கிலோவாட் வந்தால் மீதி எங்கே போகும் என்று கேளுங்க.

3. பேட்டரி நிறைஞ்ச பிறகும் வெயில் அடிச்சுக்கிட்டே இருந்தால்? ஹைப்ரிட் தன் ஃப்ரீக்வென்சியை 50-க்கு மேல் கொஞ்சம் ஏற்றும். அதைப் பார்த்து மைக்ரோ இன்வெர்ட்டர்கள் உற்பத்தியைக் குறைக்கணும், இல்லை நிற்கணும். ரெண்டு கம்பெனியின் செட்டிங்கும் ஒத்துப் போனால்தான் இது நடக்கும். "உங்க மாடலோடு இந்த மாடல் வேலை செய்யும், வாரன்டி போகாது" என்று மைக்ரோ இன்வெர்ட்டர் கம்பெனியிடமிருந்தே மெயில் வாங்குங்க.

4. பேட்டரியில் ஒரு 20% எப்போதும் மிச்சம் வைக்கும்படி செட் பண்ணணும். ராத்திரியில் முழுக்கத் தீர்ந்துவிட்டால் காலையில் தாளம் போட ஆள் இல்லை. வெயில் இருந்தும் சோலார் கிளம்பாது.

இப்போ கணக்கு

என் கணக்கில் இருக்கும் விலைகள் உதாரணத்துக்கு. உங்க கொட்டேஷன், உங்க பில்லில் இருக்கும் எண்களை அதே இடத்தில் போட்டுக்கோங்க.

5.12 யூனிட் பேட்டரி, ஹைப்ரிட், வயரிங் எல்லாம் சேர்த்து ரூ.1,60,000 என்று வைப்போம். 20% மிச்சம் விட்டால் தினமும் 4.1 யூனிட் எடுக்கலாம். ஏசி, டிசி, மறுபடி ஏசி என்று மாறும்போது நஷ்டம் உண்டு. 85% திரும்பக் கிடைக்கும் என்றால், 4.1 எடுக்க 4.8 யூனிட் உள்ளே போடணும்.

நெட் மீட்டரிங் இருக்கும் வீடு: பகலில் வெளியே கொடுக்கும் ஒரு யூனிட் ராத்திரி ஒரு யூனிட்டாகக் கழிகிறது. அதாவது மின்வாரிய லைனே உங்களுக்கு நஷ்டமில்லாத பேட்டரி. சொந்தப் பேட்டரியில் போட்டு எடுத்தால் தினமும் 0.7 யூனிட் காணாமல் போகும். வருஷத்துக்கு சுமார் 250 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ரூ.2,000 நஷ்டம். லாபமே இல்லை!

வெளியே கொடுப்பதற்குக் குறைந்த விலை கிடைக்கும் வீடு: வாங்குவது 8 ரூபாய், கொடுப்பது 3 ரூபாய் என்று வைப்போம். தினமும் மிச்சமாவது 4.1 × 8 = 32.80. விட்டுக்கொடுப்பது 4.8 × 3 = 14.40. கையில் நிற்பது 18.40. வருஷத்துக்கு சுமார் ரூ.6,700. போட்ட காசு திரும்ப கிட்டத்தட்ட 24 வருஷம். அதே 1,60,000-ஐ 6.5% எஃப்டியில் போட்டால் வருஷம் ரூ.10,400 வட்டி. அதற்கு உங்க ஸ்லாப்படி வரி உண்டுதான், ஆனா அசல் அப்படியே இருக்கும். பேட்டரி தேயும்.

இதை 14% பர்சனல் லோனில் 36 மாசத்துக்கு எடுத்தால் இஎம்ஐ சுமார் ரூ.5,470. வட்டி மட்டும் ரூ.37,000 பக்கம். மாசம் சில நூறு மிச்சம் பிடிக்க 5,470 கட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இன்னொன்று கொட்டேஷனில் வராது: ஹைப்ரிட் சும்மா இருக்கும்போது தின்னும் கரண்ட். டேட்டாஷீட்டில் 50 வாட் என்று போட்டிருந்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட்.

அப்போ யாருக்கு இது?

கரண்ட் இல்லாத நேரம் உங்களுக்கு என்ன விலை என்பதுதான் சரியான கேள்வி.

வீட்டிலிருந்து வேலை, எப்போதாவது ரெண்டு மூணு மணி நேரம் கட் என்றால் லேப்டாப் 60 வாட், ரவுட்டர் 10, ரெண்டு பிஎல்டிசி ஃபேன் 70, மூணு எல்இடி பல்ப் 27. மொத்தம் 170 வாட்டுக்குள். நாலு மணி நேரத்துக்கு 0.7 யூனிட் கூட ஆகாது. 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் ட்யூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கு. அதில் பாதியே போதும். சாதாரண ஹோம் இன்வெர்ட்டர் வாங்கி வீட்டு லைனில் மாட்டினால், பகலில் கரண்ட் இருக்கும் நேரத்தில் அதுவும் உங்க சோலார் கரண்ட்டில்தான் சார்ஜ் ஆகும். ஹைப்ரிட் செலவில் சின்னப் பங்கில் வேலை முடிந்தது.

நாள்கணக்கில் கரண்ட் போகும் இடம் என்றால் கணக்கு மாறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ட்யூபுலர் பேட்டரி முதல் ராத்திரியே படுத்துவிடும். மேகம் கலைந்து வெயில் வந்ததும் வழி 2-ல் போட்ட பேட்டரி தினமும் நிரம்பும். ஃப்ரிட்ஜில் இன்சுலின், ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரில் அப்பா, மாடி ஏற முடியாத பாட்டிக்குத் தண்ணி மோட்டார்: இப்படி ஏதாவது இருந்தால் அந்த 1,60,000 முதலீடு இல்லை, இன்ஷூரன்ஸ் பிரீமியம். இன்ஷூரன்ஸுக்கு யாரும் ரிட்டர்ன் கேட்பதில்லை. அதைக் கடனில் இல்லாமல் சேமித்து வாங்குங்க. மோட்டார், கான்சன்ட்ரேட்டர் இழுக்கும் வாட்ஸை முதலில் எழுதிக் கொடுத்து அளவு கேளுங்க.

நெட் மீட்டரிங் வீடு என்றால், ஹைப்ரிட்டை தினமும் சார்ஜ், டிஸ்சார்ஜ் ஆகும் மோடில் விடாமல் பேக்கப் மோடில் வையுங்க. யூனிட் வீணாவதும் குறையும், பேட்டரி தேய்வதும் குறையும்.

கையெழுத்துக்கு முன்னாடி

பிஎம் சூர்யா கர் மானியம் (அதிகபட்சம் ரூ.78,000) சோலார் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்குத் தனியா கிடையாது. "பேட்டரிக்கும் சப்சிடி வாங்கித் தரோம்" என்றால் உஷார். சோலார் பேனலுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5%, லித்தியம் பேட்டரிக்கு 18%. அதனால் பொருள்வாரியாகப் பிரித்த கொட்டேஷன் கேளுங்க. பில் இல்லாமல் விலை குறைச்சுத் தரேன் என்றால் வாரன்டியும் அதோடு போகும். சம்பளக்காரருக்கு இந்தச் செலவில் வருமான வரிக் கழிவு எதுவும் இல்லை. நெட் மீட்டர் இருக்கும் இணைப்பில் வயரிங் மாற்றுவதற்கு முன் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்க.

கடைசியா ஒரு வேலை. அடுத்த மூணு மாசம் கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் தேதி, எவ்வளவு நேரம், என்ன கஷ்டம் என்று போனில் குறிச்சு வையுங்க. மொத்தம் பத்து மணி நேரம்கூட வரலை, வீட்டில் மருத்துவத் தேவையும் இல்லை, தெருவில் மழைத் தண்ணியும் நிற்காது என்றால், கொட்டேஷனை மடிச்சு வெச்சுட்டு எஸ்ஐபியைத் தொடருங்க.