மலை ஏறத் தாமதித்த பணம்

இலங்கையின் பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு பஸ் ஏறினால், தேயிலைக்கு நடுவே பள்ளிக்கூடங்கள் தென்படும். பழைய தோட்டப் பள்ளி என்றால் பெரும்பாலும் ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடியும். அடுத்த வகுப்பு கொழுந்து பறிக்கும் மலைதான்.

கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. நாடே கொண்டாடும் அந்தத் திட்டம் தோட்ட வாசலில் நின்றுவிட்டது. பள்ளி தோட்டத் துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தது. 1948இன் சட்டம் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. வாக்கில்லாதவர்களுக்கு யார் நிதி ஒதுக்குவார்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே பள்ளிகளை அரசு ஏற்கத் தொடங்கியது. 1980களில் சுவீடனின் உதவியும் சேர்ந்தது. கட்டடமும் ஆசிரியர் நியமனமும் வந்தன. தோட்டத்து லய வீடுகளின் பிள்ளைகள் ஆசிரியர்களாகி, அதே மலைப் பள்ளிகளுக்குத் திரும்பினார்கள். செலவழித்த காசு கண்ணெதிரே காய்த்தது.

சுகாதாரத்தில் இந்த வேகம் இல்லை. அரசு மருத்துவமனை இலவசம்தான். ஆனால் அது மலைக்குக் கீழே. தோட்டத்து மருந்தகமோ நீண்ட காலம் நிர்வாகத்தின் கையில் இருந்தது. விளைவு பிள்ளைகளின் உயரத்தில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடளவில் சுமார் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம்.