பாலம் முறுக்கியது, பேராசிரியர் படம் பிடித்தார்!

ஈரத் துணியைப் பிழியும்போது ஒரு கை இந்தப் பக்கம் திருகும், மறு கை அந்தப் பக்கம் திருகும் இல்லையா? இரும்பும் கான்கிரீட்டுமாகக் கட்டிய ஒரு பாலமே அப்படித் திருகிக்கொண்டு ஆடியது, தெரியுமா? அந்தப் பாலத்தை ஒரு பேராசிரியர் தன் கேமராவில் பிடித்துவைத்ததும், அந்தப் பிலிம் சுருள்கள் அவருடைய பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் பத்திரமாக இருப்பதும் தெரியுமா?

அவர் பெயர் பெர்ட் ஃபார்க்குவர்சன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். பக்கத்து ஊரான டகோமாவில், கடலின் குறுகலான நீர்வழிக்கு மேலே 1940 ஜூலை 1-ல் ஒரு தொங்கு பாலம் திறந்தார்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 2,800 அடி! அன்றைக்கு உலகிலேயே மூன்றாவது நீளமான தொங்கு பாலம் அதுதான். அகலமோ வெறும் 39 அடி. லேசான காற்றுக்கே தளம் அலை அலையாக எழும்பித் தாழ்ந்தது. 'பாய்ந்தோடும் கெர்ட்டி' என்று ஊர் அதற்குச் செல்லப்பெயர் வைத்தது. ஊஞ்சலாட வருவதுபோல ஜனங்கள் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்!

ஃபார்க்குவர்சனுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. 54 அடி நீளத்துக்கு மாதிரிப் பாலம் செய்து ஆராய்ந்தார். பக்கவாட்டு இரும்புச் சுவர்களில் ஓட்டை போட்டுக் காற்றுக்கு வழி விடலாம், அல்லது காற்றைத் திருப்பிவிடும் தகடுகள் பொருத்தலாம் என்று நவம்பர் தொடக்கத்தில் வழியும் சொல்லிவிட்டார். அடுத்த சில நாட்களிலேயே, நவம்பர் 7 அன்று, பாலம் விழுந்துவிட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறுவதில்லை.

அன்று காலை காற்றின் வேகம் மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர். பேராசிரியர் கேமராவோடு பாலத்தில்தான் இருந்தார். பத்து மணிவாக்கில், அதுவரை மேலும் கீழுமாக ஆடிய தளம் திடீரென்று முறுக்க ஆரம்பித்தது. நடுவில் மாட்டிக்கொண்ட பத்திரிகைக்காரர் லெனார்ட் கோட்ஸ்வொர்த் காரை விட்டுவிட்டுத் தவழ்ந்தே தப்பித்தார். காருக்குள்ளே டப்பி என்ற நாய்! அதை மீட்கக் கிளம்பினார் நம் பேராசிரியர். எப்படி நடந்தார் தெரியுமா? சாலையின் நட்டநடுக் கோட்டைப் பிடித்துக்கொண்டு! தளத்தின் இரு ஓரமும் ஏறி இறங்கினாலும், முறுக்கலின் அச்சான அந்தக் கோடு ஏறக்குறைய அசையாது என்பது அவருக்குத் தெரியும். கார்வரைக்கும் போய்விட்டார். மிரண்டுபோன நாய் அவர் விரலைக் கடித்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பினார். பதினொன்று அடித்ததும் நடுப்பகுதி பெயர்ந்து கடலில் விழுந்தது. மனித உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. போனது டப்பி மட்டும்தான், பாவம்.

டகோமாவில் கேமரா கடை வைத்திருந்த பார்னி எலியட்டும் அவருடைய கூட்டாளியும் அன்று 16 மில்லிமீட்டர் பிலிமில், அதுவும் கலரில் படம் எடுத்தார்கள். உலகம் பார்த்த புகழ்பெற்ற காட்சிகளில் பெரும்பாலானவை அவர்களுடையவை. 1998-ல் அந்தப் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் ஏறியது.

ஆனால் அசல் ஆச்சரியம் 2015-ல்தான் வெளியே வந்தது! வகுப்பறைகளில் சுற்றிவந்த வீடியோக்களில் பாலம் நிமிடத்துக்கு 18 முறை முறுக்குகிறது. பேராசிரியர் நேரில் பார்த்து எண்ணி எழுதிவைத்ததோ 12 முறை. எது சரி? இயற்பியலாளர்கள் சிலர் தோண்டிப் பார்த்தார்கள். வினாடிக்கு 16 பிரேம் வீதம் எடுத்த படத்தை, வீடியோவாக மாற்றும்போது 24 வீதம் ஓட்டிவிட்டார்கள்! எத்தனையோ வருஷங்களாக மாணவர்கள் பார்த்தது ஒன்றரை மடங்கு வேகத்தில் ஆடிய பாலத்தை. பேராசிரியரின் கணக்குத்தான் சரி. ஒரு முறுக்கலுக்கு ஐந்து வினாடி.

காற்று தாளம் தப்பாமல் தட்டியதால் பாலம் ஆடியது என்று பல பாடப்புத்தகங்கள் எழுதின. அது முழு உண்மை இல்லை. தளம் சற்றே திரும்பினால் காற்று அதன்மீது மோதும் கோணம் மாறும். அது தளத்தை இன்னும் திருப்பும். திரும்பத் திரும்பக் காற்றின் சக்தியையே உறிஞ்சி ஆட்டம் பெருகிக்கொண்டே போகும். பாலம் தன் ஆட்டத்தைத் தானே வளர்த்துக்கொண்டது!

1950-ல் அதே இடத்தில் எழும்பிய புதுப் பாலத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தவரும் இதே ஃபார்க்குவர்சன்தான். பழைய பாலத்தின் உடைசல்கள் இன்னும் கடலடியில் கிடக்கின்றன.

அடுத்த முறை அந்தப் படம் கண்ணில் பட்டால், முறுக்கும் பாலத்தின் நடுக்கோட்டில் நடந்துவரும் ஓர் ஆளைத் தேடிப் பாருங்கள். நாயிடம் கடிபட்டும் கோடு தவறாமல் நடந்த பேராசிரியர் அவர்தான்.