ஒரு கர்ணகூடம் செதுக்கினால் போதும்

மாமல்லபுரத்தில் தர்மராஜ ரதத்தை அண்ணாந்து பார்த்தபடி ஒருமுறை சுற்றி வாருங்கள். மூலைகளில் கர்ணகூடம் என்னும் சதுரச் சிறுகோயில் உருவம், இடையிடையே சாலை என்னும் நீள்சதுர உருவம், கபோதம் என்னும் வளைந்த கூரை விளிம்பில் வரிசையாக நாசிக்கூடு என்னும் லாட வடிவ வளைவு. சில உறுப்புகளே திரும்பத் திரும்ப வந்து விமானமாக உயர்கின்றன. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் அத்தனையையும் ஒரே பாறையில் தனித்தனியாகச் செதுக்கினார்கள். அந்த ரதத்துக்கு மாதிரி செய்கிறவருக்கு அந்தப் பாடு வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒன்றைச் செதுக்கிக்கொண்டால் மீதியை ரப்பர் பால் அச்சில் வார்த்துவிடலாம்.

ஆனால் அந்த ஒன்று அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும். 1:50 அளவில் இரண்டு அடி உயர உறுப்பு அரை அங்குலம்கூட வராது. அதில் விழும் நகக்கீறலும் எல்லா வார்ப்பிலும் வந்து நிற்கும். மூலத்தை அளவு வரைபடம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின்மேல் பால் பூசி அச்செடுக்க நினைப்பதே தவறு. 1957 முதல் சிற்பக் கல்லூரி நடக்கும் ஊரில், நுண்ணிய உளி வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.

ரப்பர் பாலுக்கும் நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. குமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வெட்டுகிறார்கள். மரத்திலிருந்து வடியும் பாலைச் சுழற்றிப் பிரித்து, ஏறக்குறைய 60 சதவீதம் ரப்பர் இருக்கும்படி கெட்டியாக்கி, உறையாமலிருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி அதனால்தான். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். அச்சுக்கு, முன்பே வல்கனைஸ் செய்த பாலாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் பூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. தூரிகையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டு, பாலை மெல்லியதாக, குமிழி நிற்காமல், நாசிக்கூட்டின் குழிக்குள்ளும் போகும்படி தடவ வேண்டும். வெள்ளையாக இருக்கும் பால் காயக் காயத் தேன் நிறத்துக்கு மாறும். வெள்ளைத் திட்டு ஒன்று பாக்கியிருந்தாலும் அடுத்த பூச்சைத் தொடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் ஒரு பூச்சு காய்வதற்கே பொறுமை போய்விடும். அவசரப்பட்டால் உள்ளே ஈரம் சிக்கி அச்சு உப்பும். இப்படி எட்டு, பத்துப் பூச்சு. இழுவை விழும் இடங்களில் நடுவே மெல்லிய வலைத்துணி. மூலம் செம்போ பித்தளையோ ஆனால் முதலில் அதற்கு வார்னிஷ் பூசிவிடுங்கள், செம்பு ரப்பரைக் கெடுத்துவிடும்.

அச்சு தொய்யாமலிருக்க அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு பாதியாக ஒரு கூடு கட்ட வேண்டும். பிறகு கூட்டைப் பிரித்து, டால்கம் பவுடர் தூவி, காலுறையைக் கழற்றுவதுபோல் அச்சை உரித்தெடுக்கலாம். பவுடர் இல்லையென்றால் ரப்பரோடு ரப்பர் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் நீண்டுகொடுப்பதால் உட்குழிவுகள் உடையாமல் வெளியே வரும். காயும்போது அச்சு சற்றுச் சுருங்கும் என்பதால் மூலத்தைக் கொஞ்சம் பெரிதாகவே செய்துகொள்வது நல்லது.

பிளாஸ்டர், மெழுகு, சிமென்ட் மூன்றுக்கும் இந்த அச்சு தோது. பாலியெஸ்டர் ரெசினுக்கு மட்டும் வேண்டாம். அது ரப்பரை அரிக்கும். அதற்கு விலை கூடின சிலிக்கோன் ரப்பர்தான் சரி.

வார்த்து வார்த்து அச்சின் விளிம்புகள் மழுங்கும். அப்போது கையிலிருக்கும் வார்ப்பையே மூலமாக வைத்து மறுபடி அச்செடுக்கிறவர்கள் உண்டு. இரண்டு தலைமுறை அப்படிப் போனால் நாசிக்கூடு வெறும் பொட்டாகிவிடும். பல்லவச் சிற்பத்தை அந்தக் கோலத்தில் விற்பது எனக்கு ஒப்பவில்லை. செதுக்கிய முதல் கர்ணகூடத்தைப் பஞ்சில் பொதிந்து பத்திரப்படுத்துங்கள். அடுத்த அச்சையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும்.