வரிசையில் அடங்காத எண்கள்

1ஐயும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, 1ஐவிடப் பெரிய முழு எண் பகா எண் எனப்படும். அவ்வாறு வகுபடுவது பகு எண் ஆகும். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் இருப்பவை 96 தூண்கள். 96 பகு எண் என்பதால் அத்தனை தூண்களை வரிசைக்குப் பன்னிரண்டாக எட்டு வரிசையிலோ, பதினாறாக ஆறு வரிசையிலோ நிரவலாக நிறுத்த இயலும். மேலும் ஒரு தூண் சேர்ந்து 97 ஆகிவிட்டால், ஒரே நெடிய வரிசையாக நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. பட்டுத்தறியில் ஏற்றும் பாவுக்கும் இதே கணக்குதான்: இழைகளின் எண்ணிக்கை பகா எண்ணாக அமைந்தால், சம அகலமுள்ள கட்டங்களாக எப்படிப் பிரித்தாலும் ஓரத்தில் ஓர் இழையாவது மிஞ்சும்.

பகா எண்கள் முடிவின்றித் தொடர்பவை என்பதை யூக்ளிட் நிறுவினார். சிறுவயதில் சில காலம் காஞ்சிபுரத்தில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், 1ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையே ஒரு பகா எண்ணாவது இருக்கும் என்னும் தேற்றத்துக்கு 1919இல் சுருக்கமான புதிய நிறுவல் ஒன்றை அளித்தார். ஆகவே எவ்வளவு பெரிய எண்ணைத் தொட்டாலும் அதற்கு அப்பால் பகா எண் உண்டு. அதை அடையாளம் காண்பதே கடினம். நூறு இலக்க எண் ஒன்றை வகுத்து வகுத்துச் சோதிப்பதென்றால், அதன் வர்க்கமூலம் வரை, அதாவது ஐம்பது இலக்க அளவு வரை வகுத்துக்கொண்டே செல்ல நேரும்.

எனவே கணிதர்கள் பகா எண்ணுக்கே உரிய இயல்புகளைத் தேடினர். 2ஐ ஒரு பகா எண்ணின் அடுக்குக்கு உயர்த்தி 2ஐக் கழித்தால், கிடைப்பது அப்பகா எண்ணால் வகுபடும் என்பது 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா கண்ட இயல்பு. ஆயினும் 11ஐயும் 31ஐயும் பெருக்கினால் வரும் 341 என்னும் பகு எண்ணும் இச்சோதனையில் பொய்ச்சாட்சியாகத் தேறிவிடுகிறது.

பொய்ச்சாட்சிக்கு இடமளிக்காத இயல்பு ஒன்று, பிங்கலரின் யாப்பு நூலுக்கு உரையெழுதிய ஹலாயுதர் விளக்கிய மேரு அமைப்பில் உள்ளது. வரிதோறும் இரு ஓரங்களிலும் 1 இட்டு, மேலுள்ள இரு எண்களின் கூட்டுத்தொகையை இடையில் எழுதிவந்தால், 1, 5, 10, 10, 5, 1 என 5க்குரிய வரி அமையும். அதன் உள்ளெண்கள் யாவும் 5ஆல் வகுபடும். 97க்குரிய வரியின் உள்ளெண்களும் அவ்வாறே 97ஆல் வகுபடும். 96க்குரிய வரியிலோ மூன்றாவதாக வரும் 4560, 96ஆல் வகுபடாது. இவ்வியல்பு பகா எண்களுக்கு மட்டுமே உரியது எனினும், பெரிய எண்ணுக்கு முழு வரியையும் எழுதி முடிக்க முடியாது. கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் 2002இல் அவ்வரியை மிகச் சுருக்கிய வடிவில் சோதித்தாலே போதும் என நிறுவினர். எண்ணின் அளவைப் பொறுத்தன்றி, அதன் இலக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே வேலை மிதமாகக் கூடும் என்பது அதன் சிறப்பு.

நடைமுறையில் இன்னும் விரைவான தனிவழிகள் கையாளப்படுகின்றன. 2024 அக்டோபரில் கண்டறியப்பட்ட, 2இன் 136279841ஆம் அடுக்கில் 1 குறைந்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 5,000 இலக்கங்களாக அச்சிட்டால் 8,204 பக்கங்களைத் தாண்டும். ஃபெர்மாவின் இயல்பை ஒட்டிய சோதனை அது பகா எண்ணாக இருக்கலாம் என முதலில் காட்ட, இவ்வகை எண்களுக்கென்றே அமைந்த லூக்கா–லேமர் சோதனை அதை உறுதிசெய்தது. அந்த எண்ணிக்கையில் தூண்களை நிறுத்த உலகில் இடமில்லை. இருந்தால், அவையும் 97 தூண்களைப் போல ஒரே வரிசையில்தான் நிற்கும்.