சளியைச் சோதிக்கும் சின்னப் பெட்டி

"என்ன அண்ணே, மூணு வாரமா இருமிக்கிட்டே இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லப்பா. விடியக் காலையிலே பனியிலே மரம் சீவப் போறோம்ல, சளி பிடிச்சிருக்கு. கஷாயம் குடிச்சா சரியாப் போயிரும்."

தொழிலாளத் தோழர்களே, இப்படிச் சொல்லிச் சொல்லியே காசநோயை வீட்டுக்குள் வளர விட்ட குடும்பங்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, உடல் மெலிவு, சளியில் இரத்தம் — இவற்றில் எது இருந்தாலும் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே சளி கேட்பார்கள். அந்தச் சளியை என்ன செய்கிறார்கள் என்று இந்த முறை பார்ப்போம்.

காசநோய்க் கிருமியை 1882-இல் கண்டறிந்து சொன்னவர் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் தேடுவது பழைய முறை. இன்றும் பல இடங்களில் நடக்கிறது. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறக்குறைய 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை இன்னும் நுட்பமானது. ஆனால் முடிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2010 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் 'ஜீன்எக்ஸ்பர்ட்' என்ற கருவியைப் பரிந்துரைத்தது. மருந்து கலந்த சளியைக் கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, டப்பாவைக் கருவிக்குள் வைப்பார்கள். டப்பாவுக்குள் சின்னச் சின்ன அறைகளும் மெல்லிய வாய்க்கால்களும் இருக்கின்றன. கிருமியை வடிகட்டுவது, உடைப்பது, அதன் மரபுப் பொருளைப் பெருக்குவது எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பதில் வந்துவிடும்.

பதிலை யார் சொல்வது? கம்ப்யூட்டர்தான். மரபுப் பொருள் சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய இரட்டிக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். இருபது சுற்றில் ஒன்று பத்து லட்சமாகிவிடும். பெருகப் பெருக ஒளி கூடும். எந்தச் சுற்றில் ஒளி குறித்த அளவைத் தாண்டுகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கிறது. சீக்கிரம் தாண்டினால் கிருமி அதிகம், தாமதமானால் குறைவு. ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் அதே சோதனையில் பார்த்துவிடுகிறது.

தராசை நம்புமுன் தெரிந்த எடைக்கல்லை வைத்துப் பார்ப்போம் அல்லவா? அதுபோல டப்பாவுக்குள் முன்கூட்டியே தீங்கில்லாத வேறொரு கிருமியை வைத்திருக்கிறார்கள். சளியில் காசநோய்க் கிருமியும் தெரியவில்லை, அந்தச் சோதனைக் கிருமியும் தெரியவில்லை என்றால், "நோய் இல்லை" என்று கருவி சொல்லாது. "சோதனை செல்லாது" என்றே சொல்லும். அதனால் "இன்னொரு முறை சளி கொடுங்க" என்று கேட்டால் கோபப்படாதீர்கள்.

ஆனால் கருவிக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான். செத்த கிருமியின் மரபுப் பொருளையும் அது பிடித்துவிடும். ஆகவே முன்பு காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. சளிக்குப் பதிலாக எச்சிலைத் துப்பிக் கொடுத்தால், நோய் இருந்தும் "இல்லை" என்று வரலாம். "இல்லை" என்று வந்த பிறகும் இருமல் நிற்கவில்லையென்றால் மறுபடி போய்க் காட்டுங்கள்.

சளி கொடுக்கும் முறை இதுதான்: காலையில் சாப்பிடுமுன் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல், காற்றோட்டமான வெளியிடத்தில் நில்லுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுங்கள். டப்பாவை இறுக்கி மூடிக் கொடுங்கள்.

காசநோய் வெட்கப்பட வேண்டிய நோயல்ல, குணமாகும் நோய். மருந்து பெரும்பாலும் ஆறு மாதம். "உடம்பு தேறிருச்சே" என்று பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி வளரலாம். அது வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும். கணக்கைக் கருவி பார்த்துக்கொள்ளும். நேரத்தோடு போவதும், நல்ல சளி கொடுப்பதும், உண்மையைச் சொல்வதும், மருந்தை முடிப்பதும் நம் கையில்தான் இருக்கின்றன.